இருபத்தைந்தாவது தகவலாளர்

“ஏட்டி, வடைய மூடி வையி. ஆறிட்டுன்னா மதுர மேடம் தொடமாட்டாவ” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அனில்குமார் மேடையேறிப் பெண்களின் மௌனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

சண்முகவடிவு வடையை மூடி வைத்தாள்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக் கருத்தரங்க அறை. இன்று அனில்குமாருக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஊரைக் கூட்டி வைத்துத்தான் நடத்துவார்கள். வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்காதவர்களுக்கும் வடை உண்டு. அது தேர்வுக்கு நிற்பவர் வீட்டுப் பொறுப்பு.

திரையில் ஆய்வேட்டின் தலைப்பு வந்தது. ‘நாஞ்சில் நாட்டுப் பெண்களின் பேச்சும் மௌனமும்: ஒரு பெண்ணிய வாசிப்பு.’

எழுதியவள் சண்முகவடிவு.

அவளும் எம்.ஏ. தமிழ்தான். ஐந்து வருடம் பூதப்பாண்டியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினாள். மத்தியானங்களில் சமையலறை மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். ஆணின் பார்வை, உடல் அரசியல், எதிர்த்து வாசித்தல் என்று அவன் இப்போது அடுக்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றையும் போன வாரம் முழுக்க உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் ஒப்பித்தான். ‘எதிர்த்து வாசித்தல்’ வந்தபோது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் இரும வேண்டியிருந்தது.

முன்னுரையில் அவளுக்கும் ஒரு வரி நன்றி உண்டு. ‘நேரத்துக்கு உணவளித்த துணைவியாருக்கு.’ அதையும் அவள்தான் தட்டச்சு செய்தாள்.

அதில் அவளுக்கு வருத்தமில்லை. பட்டம் வந்தால் அவன் வேலை நிரந்தரமாகும், வீட்டுக்கு நல்லது. அவளுக்கு வேண்டியது வேறு. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை உலகத்தில் யாராவது ஒருவர் படித்திருக்க வேண்டும். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்காக இரண்டு வருடமாக ஏங்கிக்கொண்டிருக்கிறாள். பதில் தொண்டை வரைக்கும் வந்து காத்திருக்கிறது.

பக்கத்துக் கேண்டீனில் மிக்ஸி அலறியது. மதியக் குழம்புக்குத் தேங்காய் அரைக்கிறார்கள். அனில்குமார் எரிச்சலோடு பேச்சை நிறுத்தினான். சத்தம் ஓய்ந்த பிறகுதான் தொடர்ந்தான்.

நண்பர்கள் முன்கூட்டியே பேசிவைத்த கேள்விகளைக் கேட்டார்கள். அவன் பேசிவைத்த பதில்களைச் சொன்னான். அவனுடைய ஆய்வு நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ராகேல் மட்டும் இதுவரை வாய் திறக்கவில்லை. அவர் முன்னால் இருந்த பிரதி முழுக்க மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன.

“நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம்” என்றார்.

பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சண்முகவடிவின் கை அப்படியே நின்றது.

ராகேல் சத்தமாகப் படித்தார். ‘தகவலாளர் 25. பெயர் சொல்ல விரும்பவில்லை. வயது 41. மிக்ஸி ஓடும்போதுதான் நான் வாய்விட்டுப் பேசுவேன். எங்கள் ஊரில் எல்லாக் குழம்புக்கும் தேங்காய் அரைக்க வேண்டும். அதனால் பேச நிறைய நேரம் கிடைக்கிறது. மிக்ஸி நின்றால் நானும் நிறுத்திவிடுவேன்.’

யாரோ சிரித்தார்கள். ராகேல் சிரிக்கவில்லை.

“என்ன பேசுவாங்கன்னு நீங்க கேட்கவே இல்லையே. எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னிக்கு சாயங்காலம் அவங்ககிட்ட என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?”

கேட்டுவிட்டார். சண்முகவடிவுக்குக் கண் நிறைந்தது. ஒரு வார்த்தை பிசகாமல் அதே கேள்வி.

குறைந்தது இருபத்தைந்து பெண்களாவது வேண்டும் என்று நெறியாளர் சொல்லியிருந்தார். ஊர் முழுக்க அலைந்தும் இருபத்து நான்கு பேர்தான் மனம்விட்டுப் பேசினார்கள். இருபத்தைந்தாவது ஆளைத் தேடிச் சண்முகவடிவு வெளியே போகவில்லை.

அனில்குமார் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினான். அவன் அதை இன்றுதான் பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். பதில் தெரியாதபோதெல்லாம் பார்ப்பதுபோல இப்போதும் அவளைப் பார்த்தான்.

அவளும் பார்த்தாள். பதினேழு வருடமாக அந்த மிக்ஸிச் சத்தத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன். இப்போதாவது கண்டுபிடிக்கட்டும் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பட்டம் போனாலும் போகட்டும் என்றுகூட அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தோன்றிவிட்டது.

அவன் ராகேலின் பக்கம் திரும்பினான்.

“அவங்க இப்ப இல்ல மேடம். போன சித்திரையில தவறிட்டாங்க.”

ராகேல் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார். பிறகு, அந்த அம்மாவுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாமா என்று கேட்டார்.

நாற்காலிகள் கிரீச்சிட்டன. நெறியாளர் எழுந்தார், நண்பர்கள் எழுந்தார்கள். அனில்குமார் எல்லோரையும்விட நன்றாகத் தலை குனிந்தான்.

சண்முகவடிவு எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவள் காலையிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கேண்டீனில் மறுபடியும் மிக்ஸி ஓடியது.

ராகேல் தலை நிமிர்ந்தார். குனிந்த தலைகளுக்கு அப்பால், வடைத் தட்டோடு நின்ற பெண்ணின் உதடுகள் வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தன.

மிக்ஸி நின்றது. உதடுகளும் நின்றன.

வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இரண்டு பெண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.