மூன்றாவது இம்பெல்லர்

மீட்புப் படகின் இன்ஜினில், கை நுழையாத இடுக்கில் இருந்தது, சூடு தணிக்க ஏரித் தண்ணீரை உறிஞ்சும் பம்பு. அதற்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகிக் கிடந்தது; அதைப் பிடுங்குவதற்குள் பேகம்பூர் மெக்கானிக் யாசினுக்கு முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. புதிதாக வந்த அதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

"மூணு மாசத்துல மூணு இம்பெல்லர். என்னய்யா வேலை பாக்குறீங்க?"

"இன்ஜின் ஓடுற போட்டோ வேணும்னு மாசாமாசம் ஆபீஸ்ல கேக்குறாங்க சார். தண்ணியில்லாம ஓட்டுனா ரப்பர் கருகத்தானே செய்யும்?"

"கரையில வச்சு எவன் ஓட்டச் சொன்னது? ஏரிக்குள்ள இறக்கி ஓட்டுங்க!"

யாசின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, சுற்றிலும் பார்த்தார்.

"ஏரிக்கு நடுவுலதான் சார் இருக்கேன். சுத்தி ஆடு மேயுது."



"சரி சரி, ஆடு தெரியாம போட்டோ எடுத்து அனுப்புங்க."