அப்பாவின் தட்டு

“கோங்குரா பருப்பு அபாரம், ராஜி!” என்று அப்பா இரண்டாம் முறையாகச் சோறு பிசைந்தார்.

“ஏதும்மா கீரை?” என்றான் யோகேஷ்.

“உன் காலேஜ் பையில வதங்கிக் கிடந்துச்சே, சிவப்புத் தண்டுக் கீரை. அதான்.”

யோகேஷ் பாய்ந்து அப்பாவின் தட்டைப் பிடுங்கினான்.

“நக்கோப்பா, சாப்பிடாதீங்க! அது கீரை இல்ல. பரீட்சைக்குக் கண் முழிக்க நாங்க மெல்லற இலை. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். உங்களுக்கு பி.பி. வேற! கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!”

அம்மா நிதானமாக ஃப்ரிட்ஜைத் திறந்து, அவன் பையிலிருந்த இலைப் பொட்டலத்தை அப்படியே எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“பருப்புல இருக்கிறது ஹப்சிகுடா மார்க்கெட் கோங்குராடா.”

“அப்பாடா!” யோகேஷ் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“காலைல போன்ல ஃப்ரெண்டுகிட்ட, ‘வெறும் இலைதான், ஒண்ணும் பண்ணாது’ன்னியே? அப்பா தின்னா மட்டும் ஆஸ்பத்திரியா?”