அக்கா கைச் சோப்பு

"அண்ணி, நம்ம பேர்ல எவனோ போலி சோப்பு விடுறான்!"

கொழுந்தன் மூச்சிரைக்க ஓடிவந்து இரண்டு சோப்புகளையும் ஒரு கடிதத்தையும் மேஜையில் வைத்தான்.

முதலாளியம்மாவை எல்லோருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு மாதத்துக்கு முன்புவரை அவர் தன் சமையலறையில் வாரத்துக்கு நாற்பது சோப்பு காய்ச்சி, வாசலில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு புண்ணியவதி குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு நாலு நல்ல வார்த்தை பேசி வீடியோ போட்டாள். பிடித்தது சனி! வாரம் பத்தாயிரம் சோப்பு கேட்டு ஆர்டர் குவிந்தது. இப்போது வாடகைக் கிடங்கு, மூன்று மெஷின், முப்பத்திரண்டு பேர். வீட்டில் சும்மா இருந்த கொழுந்தன் ஜெனரல் மேனேஜர். அக்காவுக்குச் சுழல் நாற்காலியும் கையெழுத்துப் போடும் வேலையும். அவர் சோப்புக் கலவையைத் தொட்டே மாதக்கணக்காகிறது.

கொழுந்தன் கடிதத்தைப் படித்தான். "'இரண்டும் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. ஒன்று அசல், ஒன்று போலி. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.' அவ்வளவுதான் அண்ணி. புகார் பிரிவுல இருந்து வந்துச்சு."

"நமக்குப் புகார் பிரிவெல்லாம் இருக்கா?"

"போன வாரம்தான் மூணு பேரைப் போட்டேன். அதுக்கப்புறம்தான் புகாரே வர ஆரம்பிச்சுது."

அக்கா சோப்புகளைப் பார்த்தார். ஒன்று வழவழவென்று, மூலைக்கு மூலை அளவெடுத்தது போல இருந்தது. மற்றது கோணல். ஓரமெல்லாம் பிசிறு. நடுவில் கட்டைவிரல் அழுத்திய குழி, குழியின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

"ஐயே! எந்தக் கழுதை இதைச் செஞ்சது?" அக்கா முகத்தைச் சுளித்தார். "உறை மட்டும் நம்மளோடது. அப்போ வெளியாள் இல்ல. இங்க இருக்கிறது ஒண்ணுதான் திருட்டுத்தனமா வீட்ல காய்ச்சி விக்குது."

"அதானே! நம்ம கம்பெனியில கை பட்ட சோப்பே கிடையாதே அண்ணி!" என்றான் கொழுந்தன். அவன் தலைக்கு மேல் 'அக்கா கைச் சோப்பு' என்று ஓர் ஆள் உயரத்துக்குப் பெயர்ப்பலகை.

"எல்லாரையும் வரச்சொல்லு. ஒவ்வொருத்தரா இந்தக் குழியில விரலை வைக்கட்டும். யார் விரல் பொருந்துதோ, அவங்க இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். யாரா இருந்தாலும் சரி."

வரிசை நின்றது. விரலைப் பார்க்க ஒரு சூப்பர்வைசர், அவர் சொல்வதை எழுத ஒரு கிளார்க், வரிசையைச் சரிசெய்ய இரண்டு பேர். மெஷின் மூன்றும் நின்றுவிட்டன. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. டிரைவரின் விரல் குழிக்குள் நுழையவே இல்லை. பேக்கிங் பெண்ணின் விரல் உள்ளே ஆடியது. "பொருந்தவில்லை, பொருந்தவில்லை" என்று கிளார்க் எழுதிக்கொண்டே போனார்.

கடைசியாகக் குச்சி வந்தாள். சமையலறைக் காலத்திலேயே அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள். சோப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி சிரிப்பை விழுங்கிக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் வைக்கலக்கா."

"ஏன்?"

"இது யாரு விரல்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்போ சொல்லு!"

"இத்தனை பேர் முன்னாடி வேணாங்க்கா. தனியா சொல்றேன்."

"தனியாப் பேசணும்னா முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும்," என்றான் கொழுந்தன். "அடுத்த வியாழக்கிழமைதான் நேரம் இருக்கு."

"அக்கா, ரெண்டு பிள்ளைங்க படிப்பும் இந்த வேலையிலதான் ஓடுது. உங்களுக்குத் தெரியாததா? ஒரே ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

அக்காவுக்கு ஒரு கணம் மனசு இளகியது. கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான்.

"இன்னிக்கு உனக்கு இரக்கம் காட்டினா நாளைக்கு முப்பது பேரும் வீட்ல அடுப்பு மூட்டிடுவாங்க. சொல்றியா, போறியா?" என்றார் அக்கா.

குச்சி மாட்டேன் என்று தலையாட்டினாள். அக்கா வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். குச்சி ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தாள். கண் நிறைந்திருந்தது.

"உங்க கை நல்லா இருக்கட்டும்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பார்த்தீங்களா திமிரை!" என்றான் கொழுந்தன்.

அப்போது புகார் பிரிவின் மூன்று பேரும் ஒரே தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"சார், அந்தக் கடிதத்துக்கு ரெண்டாம் பக்கம் இருந்துச்சு. நீங்க கொடுத்த படிவத்துல ஒரு பக்கம்தான் ஒட்ட இடம் இருக்கு. அதான் தனியா வெச்சிருந்தோம்."

அக்கா வாங்கிப் படித்தார்.

'கோணலாக இருப்பதுதான் அசல். போன வருஷம் அக்கா தன் வாசலில் நின்று என் கையில் கொடுத்தது. தீர்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தேன். வழவழவென்று இருக்கும் போலியைச் செய்கிறவர்களைப் பிடித்து உடனே விரட்டுங்கள். இப்படிக்கு, பின் தெரு நர்ஸ்.'

அக்கா வாசலைப் பார்த்தார். குச்சி போய்விட்டிருந்தாள். கோணல் சோப்பை எடுத்து, பழைய கத்தித் தழும்பு ஓடிய தன் கட்டைவிரலைக் குழியில் வைத்தார்.

தலையைக்கூட நிமிர்த்தாமல் கிளார்க் எழுதினார்: "பொருந்துகிறது."