வலைக்கு அந்தப் பக்கம் அம்மா

கண்ணாடித் தொட்டிக்குள் கட்டிய வலைக்கூண்டில் ஒரு மீன்குஞ்சு இருந்தது. நேற்று மேலிருந்து முட்டை மஞ்சள்கரு தூளாக விழுந்தது. இன்று காலையில் பொடிப் புழு, மாலையில் மசித்த கீரை. குஞ்சுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் வந்த அம்மா மீனிடம் கேட்டது.

"இதுல எதும்மா நம்ம சாப்பாடு?"

"வாய்க்குள்ள போறதெல்லாம் சாப்பாடுதான், கண்ணு."

"அப்புறம் எதுக்கும்மா நமக்கு நடுவுல வலை கட்டியிருக்காங்க?"

"அதான் எனக்கும் புரியல" என்று அம்மா வலையில் வாயை வைத்து அழுத்தியது.

குஞ்சு அந்த வாயைப் பார்த்தது. தன் உடம்பைத் திரும்பிப் பார்த்தது. குழப்பம் தீரவில்லை. எதற்கும் இருக்கட்டும், அந்த வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக வளர்ந்துவிடலாம் என்று, பிடிக்காத கீரையையும் லபக் லபக்கென்று விழுங்கியது.