பாலைப்பழமும் மீசையும்

"தின்னுட்டு விதையை வாளியில துப்புங்க" என்றேன்.

மகளோடு வந்திருந்த லிஃப்ட்காரர் தலையாட்டிவிட்டு, பாலைமரத்தின் தாழ்ந்த கிளையை வளைத்துப் பிடித்தார். கொத்துக் கொத்தாக மஞ்சள் பழம். குரங்குகள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

எங்கள் நாற்றுப் பண்ணையில் பாலை விதை எடுக்கிற முறையே இதுதான். பழத்தின் பால் பிசின் மாதிரி, கழுவினால் லேசில் போகாது. காட்டுக்குள் போய்ப் பறித்து, சதையைத் தின்று, கொட்டையைச் சுத்தமாக வாளியில் துப்பிவிட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு பழம் தின்கிற உத்தியோகம் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்று மகள் கிண்டல் செய்வாள். வயிற்றெரிச்சல், வேறென்ன!

வீட்டுக்கு வரப்போகிற ஆளை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது. ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுத்தால் எல்லாரும் தங்கக்கம்பிதான்.

எங்களுக்கு இந்த விஷயத்தில் ராசி இல்லை. என் அப்பா எனக்குப் பார்த்த மாப்பிள்ளை ஒரு முன்கோபி. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். போய்ச் சேர்ந்துவிட்டார், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவருக்குப் பிறகுதான் நானும் மகளும் வீட்டில் சத்தமாகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்னொருத்தர் வந்து கெடுத்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர் மகளுடைய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒருநாள் நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் இவள் மாட்டிக்கொண்டு அழுதபோது, கதவுக்கு வெளியே நின்று, திறக்கும்வரை ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைத்தாராம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "அம்மா, நல்ல மனுஷன்மா" என்று ஆரம்பித்தவள்தான். இன்று பொழுது சாய்வதற்குள் சரியா, வேண்டாமா என்று நான் சொல்லியாக வேண்டும்.

பாலைப்பழம் தின்பதற்கு முன்னால் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் புட்டி என் பையில் இருந்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

இதற்கு முன் மகள் கூட்டிவந்த இரண்டு பேருக்கும் இதே வைத்தியம்தான். முதல் ஆள் வாய் ஒட்டியதும் வாளியை எட்டி உதைத்தார். பொறுக்கிய விதையெல்லாம் புல்லுக்குள் போயிற்று. இரண்டாவது ஆள், ஒட்டிய உதட்டோடு "ம்ம், ஒண்ணுமில்ல" என்று முனகிக்கொண்டே வண்டி ஏறினார். மீசையில் மண் ஒட்டாத வம்சம்.

இவர் நிதானமாகத் தின்றார். கொட்டைகள் ஒவ்வொன்றாக வாளியில் விழுந்தன. பிறகு கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார் பாருங்கள்!

கைக்குட்டை திரும்பி வரவில்லை. அடர்ந்த மீசையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தார். மீசையும் கூடவே வந்தது. வாயைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை.

இப்போது பார், தட்டு பறக்கும் என்று நினைத்தேன்.

அவர் தொங்குகிற கைக்குட்டையை விரலால் சுட்டிக் காட்டினார். மூக்கு வழியாகவே சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, நிற்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடக்கிப் பார்த்த எனக்கும் சிரிப்பு பீறிட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். எனக்குப் போதும்.

எண்ணெய்ப் புட்டியை எடுத்து மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீயே தடவிவிடும்மா."

எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, விரலில் எண்ணெய் தொட்டு, மீசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக் கைக்குட்டையைப் பிரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். மீசையில் பாதிக்குமேல் நரை. என் தலையைவிடக் கொஞ்சம் குறைவு.

மகள் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உன் மாப்பிள்ளைதான் பேசுறாரு. பதிவு ஆபீஸ்ல உங்க ரெண்டு பேருக்கும் தேதி கேக்கலாமான்னு கேக்குறாரு. உன் பேத்தி வேற புதுத்தாத்தா எப்ப வருவாருன்னு பிடுங்குறாளாம்."

"கேக்கச் சொல்லு" என்றேன். "ஆனா பழ சீசன் முடியட்டும். இப்ப எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க."