வலது கை

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்து, மாதக்கணக்கில் அதற்கான ஜெல்லைக் கையில் தடவிவரும் மேலாளர், டாக்டர் அறையில் ரத்தப் பரிசோதனைத் தாளை ஜன்னல் வெயிலில் பிடித்து நெஞ்சை நிமிர்த்துகிறார். "இருபது வயசுப் பசங்களுக்குக்கூட இவ்வளவு இருக்காது, டாக்டர்!" டாக்டர் கேட்கிறார்: "ஜெல் எங்க தடவினீங்க?" அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுகிறார். "தோள்லருந்து முழங்கை வரைக்கும், தாராளமா." "ரத்தம் குடுத்தது?" "இதே கைதான்." "அப்ப இது தோல்ல ஒட்டியிருந்த மருந்தோட அளவு, சார். நாளைக்குத் தடவறதுக்கு முன்னாடி இடது கையில ரத்தம் எடுங்க. அப்புறம் டோஸைப் பாப்போம்." நெஞ்சு பழைய அளவுக்கு இறங்குகிறது. "போனா போகுது, விடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சுருட்டிய சட்டைக் கையை இறக்கிப் பித்தானை மாட்டுகிறாள். அந்தக் கை அவளைத் தேடி வந்து வெகு காலமாகிறது. மாட்டி முடித்த பிறகும் அவள் விரல்கள் மணிக்கட்டிலேயே இருக்கின்றன. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.