அப்பாவின் ராசி நாற்காலி

மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து டிவி திரையில் பாதியை வெளிற வைத்திருக்கிறது. மூன்று பந்தில் ஐந்து ரன் வேண்டும். யாரும் இடம் மாறக் கூடாது என்பது என் சட்டம். அப்பா தண்ணீருக்கு எழுந்தபோது ஒரு விக்கெட் விழுந்தது, மாத்திரைக்கு எழுந்தபோது இன்னொன்று. அதனால் இடுப்பு ஆபரேஷன் முடிந்த மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய வாக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்திருக்கிறேன்.

“டேய், பாத்ரூம் போகணும்.”

“மூணே பந்துப்பா. நீங்க எந்திரிச்சா அவுட் ஆயிருவான்.”

“சரி சரி” என்று சிரித்து, நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு பந்து மட்டையில் படாமல் போகிறது. அடுத்ததில் ஒரு ரன். கடைசிப் பந்துக்கு நாலு வேண்டும். ஃபீல்டர்களை மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள், பந்து வீசினபாடில்லை. அப்பாவின் முழங்கால்கள் ஒன்றையொன்று இறுக்குகின்றன. நான் திரையைத்தான் பார்க்கிறேன். பந்து கயிற்றைத் தாண்டுகிறது. என் மனைவி விசில் அடிக்கிறாள், தெருவே கத்துகிறது, நான் எகிறிக் குதித்து அப்பாவைக் கட்டிக்கொள்ளத் திரும்புகிறேன்.

அவர் அதே இடத்தில் இருக்கிறார். நாற்காலிக்கு அடியில் ஈரத்தரை வெயிலில் மின்னுகிறது. மடியில் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகள் காதில் விழாதபடி சொல்கிறார்:

“நான் அசையவே இல்லப்பா.”